அமெரிக்காவில் தொலைந்த இந்தியப் பாஸ்போர்ட்: சேவை மையமும் துணைத் தூதரகமும் எப்படி?

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட் சேவா இணையதளத்துக்கு ஐந்தில் மூன்றரை. விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ளும் வெளிச் சேவை மையத்துக்கு இரண்டு, அதுவும் கூரியரை ஒழுங்காகக் கையாண்டதற்காக. துணைத் தூதரகக் கவுன்டருக்கு ஐந்துக்கு ஐந்து. மொத்தம் ஒன்பது வாரம் ஆனது, அதில் மூன்று வாரம் என் பெயரால் போனது. தமிழ்நாட்டிலிருந்து வந்த பலருக்கும் இதே பெயர்ச் சிக்கல் வரும் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் எச்-1பி என்கிற வேலை விசாவில் இருக்கிறேன். வேலை மாறி வேறு மாநிலத்துக்கு வந்ததும் புது டிரைவிங் லைசென்ஸ் எடுக்கப் பாஸ்போர்ட், ஐ-797 என்கிற எச்-1பி ஒப்புதல் தாள், வீட்டு ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுபோனேன். இரண்டு வாரத்தில் லைசென்ஸ் அட்டை தபாலில் வந்துவிட்டது. அதற்கும் ஒரு மாதம் கழித்து, தங்கையின் வளைகாப்புக்கு ஊருக்கு டிக்கெட் போட உட்கார்ந்தபோதுதான் உறையைத் திறந்தேன், மற்ற எல்லாம் இருக்கிறது, பாஸ்போர்ட் மட்டும் இல்லை. கார், அலுவலக மேசை, அந்த லைசென்ஸ் அலுவலகம், பக்கத்து காபிக் கடை என்று நான்கு நாள் தேடினேன். அந்த நான்கு நாள் வீண். தேடிக்கொண்டே புகாரும் கொடுத்திருக்கலாம்.

காவல் துறைப் புகார் இல்லாமல் எதுவும் நகராது. எங்கள் ஊரில் தொலைந்த பொருளுக்கு இணையத்திலேயே புகார் கொடுக்கலாம், பத்து நிமிட வேலை. உடனே வருவது தற்காலிக எண்தான், அதிகாரி பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு வரும் அறிக்கைதான் செல்லும். பொருள் விவரத்தில் 'இந்தியப் பாஸ்போர்ட்' என்று மட்டும் போடாமல் எண்ணையும் சேர்த்துப் போடுங்கள். என் அறிக்கையில் எண் இருந்தது, அது பின்னால் என்னைக் காப்பாற்றியது. புகார் கொடுப்பவர் பெயரை லைசென்ஸில் உள்ளபடி எழுதினேன். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்தது இணையதளம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது, அதில் 'ரீ-இஷ்யூ', அதாவது மறுவழங்கல், எடுத்து, காரணமாகப் பாஸ்போர்ட் தொலைந்தது என்பதைத் தேர்வு செய்ய வேண்டும். பாதியில் விட்டுவிட்டு மறுநாள் வந்தாலும் எழுதியது அப்படியே இருந்தது, அதற்காகத்தான் மூன்றரை மதிப்பெண். குறை என்னவென்றால், பழைய பாஸ்போர்ட்டின் எண், கொடுத்த நாள், கொடுத்த இடம், கோப்பு எண் என்று கேட்டுக்கொண்டே போகும், பாஸ்போர்ட்டே தொலைந்துபோனவருக்கு இதெல்லாம் எங்கே கிடைக்கும் என்று ஒரு வரி உதவிக் குறிப்பு கிடையாது. என் போனில் முதல் பக்கத்தின் படம் இருந்தது. கோப்பு எண் இருப்பதோ கடைசிப் பக்கத்தில், அப்பா அம்மா பெயர், முகவரியோடு. அந்தப் பக்கத்தை நான் எடுத்து வைக்கவில்லை. திருநெல்வேலியில் அப்பா பீரோவைக் குடைந்து, நான் முதல் தடவை விசாவுக்குப் போனபோது எடுத்த ஜெராக்ஸைத் தேடி எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஓரம் மடங்கி மங்கிப்போன நகல், ஆனால் எண் படிக்கும்படி இருந்தது. இதைப் படிக்கும் யாராக இருந்தாலும் இப்போதே எழுந்துபோய் முதல் இரண்டு பக்கம், கடைசி இரண்டு பக்கம், விசா ஒட்டிய பக்கம் மூன்றையும் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

கட்டணம் வழக்கமான மறுவழங்கலைப் போல இரண்டு மடங்கு. பெரியவர்களுக்கு 36 பக்கப் பாஸ்போர்ட் சாதாரணமாக 75 டாலர், தொலைந்ததற்கு மாற்று என்றால் 150. இதோடு இந்தியச் சமூக நல நிதிக்கு 2 டாலர், சேவை மையக் கட்டணம், போக வரக் கூரியர். எனக்கு 200-ஐத் தாண்டியது.

தாள்களில் முக்கியமானது 'அனெக்ஷர் எஃப்' என்கிற பிரமாணப் பத்திரம். எப்படி, எப்போது, எங்கே தொலைந்தது என்று எழுதி நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். முன்னால் என்றால் அவர் கண் முன்னால். நான் வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக்கொண்டு போனேன், அவர் தொடவே மாட்டேன் என்றுவிட்டார், திரும்ப அச்சடித்து மறுநாள் போனேன். கடைகளில் ஒரு முத்திரைக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். நிறைய வங்கிகளில் அங்கே கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இலவசம். என் வங்கிக் கிளையில் ஒரு பெண்மணி பொறுமையாக எல்லாப் பக்கத்தையும் பார்த்து, தேதி விட்டுப்போன இடத்தைக் காட்டி எழுத வைத்து முத்திரை குத்தினார், காசு வாங்கவில்லை. புகைப்படம் இரண்டுக்கு இரண்டு அங்குலம், வெள்ளைப் பின்னணி. கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுங்கள்.

சரி, சேவை மையத்துக்கு வருவோம். பல நாடுகளில் நம் தூதரகங்கள் விண்ணப்பம் வாங்கும் வேலையைத் தனியார் நிறுவனங்களிடம் விட்டிருக்கின்றன. அவர்கள் தாள்களைச் சரிபார்த்துத் தூதரகத்துக்கு அனுப்புவார்கள். பாஸ்போர்ட் கொடுப்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது அவர்கள் இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் நான் மூன்று வாரம் தப்பான கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலி. முழுப் பெயரும் கொடுக்கப்பட்ட பெயர் என்ற இடத்தில் இருக்கிறது. நம்மில் எத்தனையோ பேருக்கு இப்படித்தான், நமக்கு ஏது குடும்பப் பெயர், அப்பா பெயரின் முதல் எழுத்துதானே. அமெரிக்க விசா அச்சடிக்கும்போது காலியாக விட மாட்டார்கள். என் பெயரைத் தூக்கிக் குடும்பப் பெயராக வைத்துவிட்டு, முதல் பெயரில் 'எஃப்என்யூ' என்று போட்டுவிடுவார்கள், முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம். விசாவிலிருந்து அது ஐ-94 (எந்தத் தேதி வரை இங்கே தங்கலாம் என்று காட்டும் பதிவு), ஐ-797, லைசென்ஸ், வங்கிக் கணக்கு, மின்சார ரசீது என்று எல்லாவற்றிலும் ஏறிவிட்டது. பல் மருத்துவமனையில்கூட என்னை எஃப்என்யூ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஆக நான் அனுப்பிய தாள்களில், விண்ணப்பத்தில் ஒரு பெயர், போலீஸ் அறிக்கையிலும் லைசென்ஸிலும் முன்னால் எஃப்என்யூ ஒட்டிய பெயர். பத்தாவது நாள் மின்னஞ்சல் வந்தது: பெயர் பொருந்தவில்லை, திருத்திய போலீஸ் அறிக்கையை அனுப்பவும். காவல் துறையிடம் கேட்டேன். அரசு அடையாள அட்டையில் உள்ள பெயரைத்தான் போட முடியும் என்றார்கள், அது நியாயம்தான். சேவை மையத்தின் எண்ணில் நாற்பது நிமிடம் காத்திருந்து பேசினால், எதிர்ப்பக்கம் இருப்பவருக்கு எஃப்என்யூ என்றால் என்னவென்றே தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் வேறு ஆள், ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். ஒருவர் லைசென்ஸில் பெயரை மாற்றிவிட்டு வாருங்கள் என்றார். லைசென்ஸில் பெயரை மாற்றப் பாஸ்போர்ட் வேண்டும். இன்னொருவர், இதே விண்ணப்பத்தில் பெயரைப் பிரித்து எழுதித் திருத்தம் கேளுங்கள் என்றார். நான் கேட்கவில்லை. தொலைந்த பாஸ்போர்ட் விண்ணப்பத்தை ஏற்கெனவே சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள், அதோடு பெயரையும் மாற்றினால் இரண்டும் சேர்ந்து இழுக்கும் என்று எனக்குப் பட்டது. பெயரைப் பிரிப்பது நல்ல யோசனைதான், ஆனால் கையில் பாஸ்போர்ட் வந்த பிறகு தனியாகச் செய்ய வேண்டியது.

அவர்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை. கையில் இருக்கும் பட்டியலோடு தாளை ஒப்பிடுவதுதான் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. ஆனால் ஒரு மாநில மக்களில் பாதிப் பேருக்கு இருக்கக்கூடிய பெயர் முறை அந்தப் பட்டியலில் இல்லை என்பதும், அதைச் சேர்க்கச் சொல்லி மேலே தெரிவிக்க அங்கே யாருக்கும் வழி இல்லை என்பதும் பெரிய குறை. இரண்டு மதிப்பெண் அதனால்தான்.

அப்புறம் துணைத் தூதரகத்தின் இணையதளத்தில் இருந்த மின்னஞ்சலுக்கு எழுதினேன். வெளியுறவு அமைச்சகம் 2015-இல் தொடங்கிய 'மதத்' என்ற குறைதீர் தளத்திலும் பதிந்தேன். எதைப் பார்த்துப் பதில் வந்தது என்று தெரியாது, மூன்றாம் நாளே நேரில் வரச் சொன்னார்கள். வாஷிங்டன் தூதரகம், நியூயார்க், சிகாகோ, ஹூஸ்டன், அட்லாண்டா, சான் பிரான்சிஸ்கோ, சியாட்டில் துணைத் தூதரகங்கள் என்று மாநிலங்களைப் பிரித்து வைத்திருக்கிறார்கள், உங்கள் மாநிலம் எதன் கீழ் வருகிறதோ அங்கேதான் போக வேண்டும். எனக்கு மூன்று மணி நேரக் கார் பயணம்.

கவுன்டரில் இருந்த அதிகாரி லைசென்ஸைப் பார்த்ததும், நான் வாயைத் திறப்பதற்குள், "எஃப்என்யூவா? தென்னிந்தியர்களுக்கு இது அடிக்கடி வருவதுதான்" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டது. பழைய விசாப் பக்கத்தின் நகலைக் கேட்டார், அதில் பாஸ்போர்ட் எண்ணும் எஃப்என்யூ பெயரும் ஒன்றாக இருக்கிறது, போலீஸ் அறிக்கையிலும் அதே எண். இரண்டு பெயரும் ஒரே நபருடையவைதான் என்று ஒரு பிரமாணப் பத்திரம் மட்டும் நோட்டரி முத்திரையோடு சேவை மையம் வழியாகவே அனுப்பச் சொன்னார், கோப்பில் குறிப்பு எழுதிவிடுகிறேன் என்றார். பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று வாரமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது இந்தப் பதினைந்து நிமிடத்தைத்தான்.

அங்கேயே எமர்ஜென்சி சர்ட்டிபிகேட் பற்றியும் கேட்டேன், வளைகாப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. அது இந்தியாவுக்கு ஒரு வழிப் பயணத்துக்கு மட்டும். போய்ச் சேர்ந்ததும் அங்கே பாஸ்போர்ட் எடுக்க வேண்டும், பிறகு விசாவும் புதிதாக. பாஸ்போர்ட்டோடு என் விசாவும் போய்விட்டதே. தொலைந்த விசாவுக்கு அமெரிக்காவுக்குள் மாற்று கிடையாது, நாட்டுக்கு வெளியே உள்ள அமெரிக்கத் தூதரகத்தில்தான் திரும்ப விண்ணப்பிக்க வேண்டும். இங்கே தங்கவும் வேலை பார்க்கவும் விசா ஸ்டாம்ப் தேவையில்லை, ஐ-94 செல்லுபடியாக இருந்தால் போதும், என்னுடையது ஐ-797-இன் அடியிலேயே இருந்தது. ஆனால் வெளியே போனால் திரும்பி வர ஸ்டாம்ப் வேண்டும். வீட்டில் ஒரு மரணம், உயிருக்குப் போராட்டம் என்றால் யோசிக்காமல் அந்தச் சான்றிதழை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். நான் வளைகாப்பை வீடியோவில் பார்த்தேன். தங்கை வளையலைக் கேமராவுக்கு முன்னால் ஆட்டிக் காட்டினாள்.

இதற்கிடையில் மறக்காமல் செய்ய வேண்டிய ஒன்று, விசா கொடுத்த அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு, எனக்குச் சென்னை, விசா தொலைந்ததை மின்னஞ்சலில் தெரிவிப்பது. தெரிவித்த பிறகு பழைய பாஸ்போர்ட் கிடைத்தாலும் அந்த விசாவில் பயணம் செய்யக் கூடாது. பழைய பாஸ்போர்ட்டும் ரத்தாகிவிடும், கிடைத்தால் ஒப்படைக்க வேண்டும்.

ஆறாவது வாரம் அப்பா கூப்பிட்டார். "என்னம்மா, ஸ்டேசன்ல இருந்து போன் வந்துச்சு, பயப்படாத, வீட்டு அட்ரஸ் சரியான்னு கேட்டாவ, அவ்வளவுதான்." நிரந்தர முகவரிக்கு விசாரணை வரும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன். அதனால் அம்மா பதறவில்லை, பக்கத்து வீட்டு மாமாவும் அத்தையும் சாட்சிக்குத் தயாராக இருந்தார்கள். ஊரில் வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடு என்றால் இதைக் கண்டிப்பாக முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், போலீஸ் என்றதும் பயந்துவிடுவார்கள். எந்த ஸ்டேஷன் எல்லை, யார் சாட்சி, ஆதார் நகல் எங்கே என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஒன்பதாவது வாரம் வியாழக்கிழமை உறை வந்தது. அனுப்பியது, வந்து சேர்ந்தது, எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு கட்டமும் போனில் தெரிந்தது, அந்த ஒரு விஷயத்தில் சேவை மையம் சொன்னபடி செய்தது. உறையைப் பிரித்ததும் பெயர், பிறந்த தேதி, அப்பா அம்மா பெயரின் எழுத்துகள் எல்லாவற்றையும் விரல் வைத்துப் படித்துப் பார்த்தேன், தப்பு இருந்தால் அன்றே சொல்ல வேண்டும். குடும்பப் பெயர் இடம் முன்பு போலவே காலி. கடைசிப் பக்கத்தில் பழைய எண்ணும் அது கொடுக்கப்பட்ட நாளும் ஊரும் அச்சாகியிருந்தன, மதுரை என்று. அலுவலகத்தில் புது எண்ணைக் கொடுத்துவிட்டேன். இந்தத் தடவை எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன், அவர் அதையும் ஜெராக்ஸ் எடுத்துப் பீரோவில் வைத்திருக்கிறார்.