படிவம் ஆறா, பாலிடெக்னிக்கா, தனியார் டிப்ளோமாவா? சுங்கை சிப்புட் பிள்ளைகளுக்கு ஒரு கிரெடிட் கணக்கு

ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வந்ததுமே, மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் கல்லூரிப் பதாகைகள் தொங்க ஆரம்பித்துவிடும். "டிப்ளோமா முடித்தால் டிகிரியில் நேராக இரண்டாம் ஆண்டு" என்பார்கள். சில பிள்ளைகளுக்கு அது அப்படியே நடக்கிறது, பலருக்குப் பாதிதான் நடக்கிறது. டிகிரியை எங்கே படிக்கப் போகிறோம் என்று முதலிலேயே முடிவு செய்தவர்களுக்குத்தான் அது பலிக்கிறது.

முதலில் கணக்கு. மலேசியத் தகுதி முகமையான எம்.கியூ.ஏ. முறையில் 1 கிரெடிட் என்பது 40 மணி நேர உழைப்பு. வகுப்பு, டுட்டோரியல், வீட்டுப் படிப்பு, தேர்வு எல்லாம் அதில் அடக்கம். டிப்ளோமாவுக்குக் குறைந்தது 90 கிரெடிட், இளங்கலைப் பட்டத்துக்கு 120. டிப்ளோமாவிலிருந்து டிகிரிக்கு மாற்றிக்கொள்ள வழக்கமாக உள்ள உச்சவரம்பு 30 விழுக்காடு. 120இல் அது 36 கிரெடிட், அதாவது மூன்று கிரெடிட் பாடமாக 12 பாடம். அந்த 12இல் ஒவ்வொன்றும் மூன்று சோதனையைத் தாண்ட வேண்டும்: குறைந்தது C கிரேட், பாடத்திட்டத்தில் 80 விழுக்காடு ஒற்றுமை, டிகிரிப் பாடத்துக்குக் குறையாத கிரெடிட். D வாங்கினாலும் டிப்ளோமா கிடைத்துவிடும். ஆனால் அந்தப் பாடம் டிகிரிக்கு வராது.

படிவம் ஆறில் இந்தத் தொல்லையே இல்லை, ஏனென்றால் மாற்ற எதுவுமே இல்லை. அதன் முடிவில் கிடைக்கும் எஸ்.டி.பி.எம். சான்றிதழ் நுழைவுத் தகுதி மட்டும்தான், டிகிரியை முதலாம் ஆண்டிலிருந்தே தொடங்க வேண்டும். மெட்ரிகுலேஷன், அசாசி எனும் மற்ற பல்கலைக்கழக முன்படிப்புகளும் இதே கதைதான். படிவம் ஆறின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது: செலவு மிகக் குறைவு, படிப்பு சுமார் ஒன்றரை வருடம், எந்தத் துறையையும் மூடிவிடுவதில்லை. இங்கே முதல் செமஸ்டரில் திட்டமிட வேண்டியது எந்தப் பாடங்களை எடுப்பது என்பதுதான். பெங்காஜியான் ஆம் எனும் பொது அறிவுப் பாடம் கட்டாயம், அதோடு மூன்று பாடம். தமிழ்மொழியை ஒரு பாடமாக எடுப்பது மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கோ தமிழாசிரியர் படிப்புக்கோ போகிறவர்களுக்குச் சரியான முடிவு. கணக்கியலுக்குப் போக நினைப்பவர்கள் அந்தத் துறை கேட்கும் பாடங்களை முதலில் பார்த்துவிட்டு எடுக்கட்டும். முதல் செமஸ்டர் சறுக்கினால் அந்தத் தாள்களை மறுபடி எழுதலாம். பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு முவெட் எனும் ஆங்கிலத் தேர்வு வேண்டும், அதைக் கடைசி நேரத்துக்கு ஒத்திப்போடக் கூடாது.

பாலிடெக்னிக்கில் பாடங்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. முதல் செமஸ்டர் பொட்டலமாகவே வரும். சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி ஈப்போவில் இருக்கும் உங்கு ஓமார் பாலிடெக்னிக் 1969இல் தொடங்கியது, நாட்டின் முதல் பாலிடெக்னிக். செமஸ்டருக்கு 200 வெள்ளி (ரிங்கிட்) அளவில் கட்டணம் என்பது தோட்டச் சம்பளத்தில் ஓடும் வீட்டுக்குப் பெரிய விஷயம். அஸ்ராமா (மாணவர் விடுதி) கிடைக்காவிட்டால் மோட்டாரில் போய்வருகிறார்கள், அந்தப் பெட்ரோல் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பலவீனம் கணிதத்தில் இருக்கிறது. முதல் செமஸ்டர் பொறியியல் கணிதத்தில் இயற்கணிதம், முக்கோணவியல், கலப்பெண், அணி போன்றவை வரும். டிகிரியின் கால்குலஸோடு அது பெரும்பாலும் 80 விழுக்காடு ஒத்துப்போகாது. டிகிரிக்கு மாற்ற முடிவது துறைப் பாடங்களைத்தான். யு.டி.எச்.எம்., யு.டி.இ.எம். போன்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் பாலிடெக்னிக் பிள்ளைகளை நன்றாக அறிந்தவை, அங்கே பேச்சு சுலபமாக முடியும்.

தனியார் டிப்ளோமாவில்தான் தேர்வு செய்யும் சுதந்திரம் அதிகம், வழுக்கும் இடமும் அதிகம். பல கல்லூரிகளில் எந்த மாதச் சேர்க்கை (இன்டேக்) என்பதைப் பொறுத்து முதல் செமஸ்டரே குறுகிய செமஸ்டராக அமையும், ஏழே வாரம். மூன்று பாடம், 9 கிரெடிட் எடுத்தால் 360 மணி நேரம், வாரத்துக்கு 51 மணிக்கு மேல். அதோடு மாலையில் கடை வேலையும் பார்த்தால் C நழுவுவது சாதாரணம். இரண்டு பாடம் என்றால் வாரத்துக்கு சுமார் 34 மணி, அது தாங்கும். நீண்ட செமஸ்டரில் 16 கிரெடிட் என்றால் 640 மணி. தேர்வு வாரங்களையும் சேர்த்து 16 வாரமாகப் பிரித்தால் வாரத்துக்கு 40, முழுநேர வேலைக்குச் சமம்.

எதை முதலில் எடுப்பது? வணிகப் பிரிவென்றால் நிதிக் கணக்கியல், நுண்பொருளியல், புள்ளியியல். டிகிரிக்கு மாறக்கூடியவை இவைதான், அடுத்த பாடங்களுக்கு முன்தேவையும் இவைதான். எம்.பி.யு. எனும் பொதுப் பாடங்களைச் சுமையைச் சமன்செய்ய ஒன்றொன்றாகச் செருகினால் போதும். டிப்ளோமாவில் எடுக்கும் எம்.பி.யு. 2இல் தொடங்கும் குறியீடு கொண்டது, டிகிரியில் 3இல் தொடங்கும் எம்.பி.யு. பாடத்துக்கு அது ஈடாகாது, அங்கே புதிதாக எடுக்க வேண்டும். எஸ்.பி.எம். மலாய்மொழியில் கிரெடிட் தரத் தேர்ச்சி வாங்காதவர்களுக்கு பஹாசா கெபாங்சாஆன் A எனும் மலாய்ப் பாடம் தலையில் விழும், அதை முதல் வருடத்திலேயே தீர்த்துவிடுவது நல்லது.

பணம் அடுத்தது. அரசின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். பெரும்பாலும் தனியார் கட்டணம் முழுவதையும் மூடாது. செமஸ்டர் தொடங்கிச் சில வாரம் கழித்தே கைக்கு வரும். கிரேட் புள்ளிச் சராசரி 2.00க்குக் கீழே போனால் அடுத்த பணம் சிக்கலாகும். படிப்பு எம்.கியூ.ஏ. பதிவேட்டில் இருக்கிறதா என்று பெயரைத் தட்டிப் பார்க்காமல் முன்பணம் கட்டக் கூடாது.

கால அளவில் வணிகத்துக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. படிவம் ஆறும் மூன்று வருட டிகிரியும் சேர்த்து நாலரை. இரண்டரை வருட டிப்ளோமாவும் கிரெடிட் மாற்றிச் சுருக்கிய டிகிரியும் நன்றாக நடந்தால் அதே நாலரை, மாற்றம் கிடைக்காவிட்டால் ஐந்தரை. பொறியியலில் படிவம் ஆறு வழி ஐந்தரை, பாலிடெக்னிக் வழி ஆறிலிருந்து ஏழு. ஆக, டிகிரி நிச்சயம் என்றிருக்கும் பிள்ளைக்குப் படிவம் ஆறுதான் மலிவும் வேகமும். இடையில் வேலைக்குப் போக நேரலாம் என்ற வீட்டுக்குப் பாலிடெக்னிக். தனியார் டிப்ளோமா அந்த இரண்டும் கிடைக்காதபோது, அல்லது அங்கே இல்லாத துறைக்கு.

எந்த டிப்ளோமாவானாலும் சேரும் முன்பே டிகிரி வழங்கும் பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, இந்தக் கல்லூரியின் இந்தப் படிப்பிலிருந்து எந்தெந்தப் பாடத்துக்கு மாற்றம் தருவீர்கள் என்று பட்டியலாகக் கேளுங்கள். கல்லூரி ஊழியர் வாயால் சொல்வதை நம்பி உட்காராதீர்கள், மாற்றத்தைத் தருவதும் மறுப்பதும் சேர்த்துக்கொள்ளும் இடம்தான். ஒவ்வொரு பாடத்தின் விரிவான திட்டத்தையும் (வாரத் தலைப்புகள், கற்றல் மணி, மதிப்பீட்டு முறை) அந்தந்த செமஸ்டரிலேயே முத்திரையோடு வாங்கி ஒரு ஃபைலில் போட்டுவையுங்கள். மூன்று வருடம் கழித்துக் கேட்டால் பாடத்திட்டம் மாறியிருக்கும், பழைய பிரதியைத் தேடித்தர அங்கே ஆள் இருக்காது. டிகிரியில் சேர்ந்ததும் மாற்ற விண்ணப்பத்தை முதல் வாரத்திலேயே கொடுங்கள். பாடச் சேர்ப்பு, நீக்கக் காலம் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் மூடிவிடும். அதற்குள் பதில் வராவிட்டால் மாறவேண்டிய பாடத்தையே காசு கட்டி மறுபடி படிக்க வேண்டியதாகிவிடும்.