பழைய பிக்கப்பில் வைப்பர் வயரிங்: உப்புக்காற்றில் ஓட்டிப் பார்த்த அனுபவம்

ராமநாதபுரம் கடற்கரையில் பழைய பிக்கப்பின் வைப்பர் நின்றுபோனால், கடையில் முதலில் சொல்வது "மோட்டார் போயிருச்சு, மாத்திரலாம்" என்பதுதான். அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். பல வருஷம் இந்த ஒரு பழுதோடு மல்லுக்கட்டியதில் நான் கண்டது இது: எங்கள் பக்கம் மோட்டார் கெடுவதைவிட, அதற்குப் போகிற வயரும், வயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் கப்ளரும், கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் எர்த்தும் கெடுவதுதான் அதிகம்.

என் வண்டி 2009 மாடல் டீசல் பிக்கப், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மண்டபம், பாம்பன், தங்கச்சிமடத்தில் மீன் பெட்டி ஏற்றி ராமநாதபுரம், பரமக்குடி, சில நாள் மதுரை வரை போகும். மண்டபத்தில் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் தெற்குக் கடலின் சாரல், வாடையில் வடக்குக் கடலின் சாரல். எந்தக் காற்று அடித்தாலும் உப்பு வண்டிக்கு வந்து சேர்ந்துவிடும். ராத்திரி கரையோரம் நிறுத்திவிட்டுக் காலையில் பானட்டைத் தொட்டால் விரல் பிசுபிசுக்கும். கப்ளருக்குள்ளும் அதே பிசுபிசுப்புதான்.

பழுது ஒரேயடியாக வரவில்லை. முதலில் குறைந்த வேகம் போனது, அதிக வேகம் மட்டும் ஓடியது. அப்புறம் குழியில் விழுந்து எழுந்தால் ஓடும், நேர் ரோட்டில் நிற்கும். கடைசியில் ஸ்விட்சை அணைத்தால் வைப்பர் கீழே வந்து படுக்காமல் கண்ணாடி நடுவிலேயே நின்றது.

இதைப் புரிந்துகொள்ள மோட்டாருக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். இந்தக் காலத்து வண்டிகளின் வைப்பர் மோட்டாரில் பொதுவாக மூன்று கார்பன் பிரஷ் இருக்கும். ஒன்று பொது, ஒன்று குறைந்த வேகத்துக்கு, இன்னொன்று சற்றுத் தள்ளி வைத்த அதிக வேக பிரஷ். இதுபோக, பல்சக்கரத்தோடு சுற்றுகிற ஒரு பித்தளைத் தகடு. நாம் ஸ்விட்சை அணைத்த பிறகும் அந்தத் தகடு வழியாகக் கரண்ட் வந்து மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். வைப்பர் கீழே வந்ததும் தகட்டில் உள்ள வெட்டு கரண்டைத் துண்டித்து, அதே வயரை எர்த்தோடு சேர்த்துவிடும். மோட்டார் சட்டென்று நிற்கும்.

இது தெரிந்தால் பாதி வேலை உட்கார்ந்த இடத்திலேயே முடிந்துவிடும். அதிக வேகம் ஓடி குறைந்த வேகம் மட்டும் ஓடாவிட்டால் ஃபியூஸைத் தேட வேண்டியதில்லை. ஃபியூஸும் எர்த்தும் இரண்டு வேகத்துக்கும் பொது. சந்தேகம் அந்த ஒரு வயர் மேலும், அந்த பிரஷ் மேலும், ஸ்டியரிங் பக்கத்து ஸ்விட்ச் மேலும்தான். நடுவில் நிற்கிறது என்றால் அந்தத் தகட்டுக்கு வருகிற, அதிலிருந்து போகிற வயர்களைப் பாருங்கள். இரண்டு வேகமுமே இழுத்து இழுத்து ஓடினால் எர்த், அல்லது வைப்பர் கை உட்கார்ந்திருக்கும் தண்டில் துரு.

வோல்ட் அளக்கும் மீட்டரை மட்டும் நம்பாமல் இருக்கச் சொல்லிக் கொடுத்தவர் உச்சிப்புளியில் ஒரு வயதான ஆட்டோ எலெக்ட்ரீஷியன். கப்ளரைக் கழற்றிக் குறைந்த வேக வயரில் மீட்டர் வைத்தால் 12 வோல்ட்டுக்கு மேல் சுத்தமாகக் காட்டியது. திரும்ப மாட்டினால் மோட்டார் அசையவில்லை. "மோட்டார்தாண்ணே" என்றேன். "தம்பி, மீட்டரு சொல்றத விடு, பல்பு எரியுதான்னு பாரு" என்று ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பை அதே வயரில் மாட்டினார். பல்பு மங்கலாகச் சிவந்ததோடு சரி. மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். பல்போ ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். வயருக்குள் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டருக்கு அது போதும், பல்புக்குப் போதாது. அதைவிட அதிகமாக இழுக்கும் மோட்டாருக்கு எப்படிப் போதும்?

கப்ளரிலிருந்து பின்னைக் கழற்றி, வயரின் தோலைக் கத்தியால் கீறிப் பார்த்தோம். வெளியே தோல் புதுசு மாதிரி இருந்தது. உள்ளே செம்பு பச்சையாகப் பூத்து, விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. இன்னும் நாலு விரல் உள்ளே வெட்டினார், அங்கே செம்பு கறுத்துப் போயிருந்தது. ஒரு சாணுக்கு மேல் போன பிறகுதான் பளபளப்பான செம்பு தெரிந்தது. உப்புத் தண்ணீர் வயரின் இழைகளுக்கு நடுவே ஊர்ந்து அவ்வளவு தூரம் போகும். முனையை மட்டும் சுரண்டி மறுபடி முறுக்கினால் அடுத்த மழைக்கே பழைய கதைதான்.

எர்த் சோதனையும் வைப்பர் ஓடும்போதுதான் செய்ய வேண்டும். மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி மைனஸில் வைத்து, சிவப்பை மோட்டாரின் எர்த்தில் வையுங்கள். அரை வோல்ட்டுக்கும் நன்றாகக் கீழே காட்ட வேண்டும். என் வண்டியில் 2 வோல்ட்டைத் தாண்டியது. அவ்வளவும் எர்த் போல்ட்டின் துருவிலேயே வீணாகிக்கொண்டிருந்தது.

தண்ணீர் அங்கே எப்படி வந்தது என்பதற்கும் பதில் கிடைத்தது. கண்ணாடிக்குக் கீழே உள்ள கிராதியைக் கழற்றினால், சீமைக்கருவேலத்தின் பொடி இலையும் மணலும் சேர்ந்து களிமண் மாதிரி இறுகி, தண்ணீர் வடியும் ஓட்டையை அடைத்திருந்தது. எங்கள் மாவட்டத்தில் எந்த ரோட்டில் நிறுத்தினாலும் அந்த இலை விழும். மழைத் தண்ணீர் தேங்கி, மோட்டார் கப்ளர் அதில் ஊறிக் கிடந்திருக்கிறது. இந்த ஓட்டையைச் சுத்தம் செய்யாமல் என்ன வயர் போட்டாலும் பிரயோஜனம் இல்லை.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வண்டி என் கைக்கு வரும்போதே டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு தனி டாகிள் ஸ்விட்ச் இருந்தது. வைப்பர் ஓடாதபோது யாரோ குறைந்த வேக வயருக்கு நேராக ஒரு கரண்டை இழுத்துவிட்டிருந்தார்கள். இது ஆபத்து. பல வண்டிகளில் ஸ்டியரிங் ஸ்விட்ச் அணைந்த நிலையில் இருக்கும்போது, குறைந்த வேக வயர் அந்தத் தகட்டு வயரோடு சேர்ந்திருக்கும். வைப்பர் கீழே வரும் ஒவ்வொரு முறையும் தகடு அதை எர்த்தில் போடும். நேர் கரண்ட் நேராக எர்த்துக்குப் போனால் ஷார்ட்தான். ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று பெரிய ஃபியூஸ் போட்டுவிட்டால் எரியப்போவது வயர். மழையில் ஓட்டும்போது டேஷ்போர்டுக்குள்ளிருந்து புகை வந்தால் என்ன செய்வீர்கள்? அப்படி ஒரு ஸ்விட்ச் உங்கள் வண்டியில் இருந்தால் தயவுசெய்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

நாங்கள் செய்தது பெரிய வேலை ஒன்றுமில்லை. கெட்ட வயரை நல்ல செம்பு வரும்வரை வெட்டிவிட்டு, படகுகளுக்குப் போடுகிற வெள்ளீயம் பூசிய வயரை இணைத்தோம். ஈயம் வைத்துப் பற்றவைத்து, உள்ளே பசை உள்ள, சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டோம். சாதாரண டேப் எங்கள் வெயிலில் பசை உருகி அவிழ்ந்துவிடும், அதோடு தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பற்றவைக்க ஆசிட் பேஸ்ட் வேண்டவே வேண்டாம், அது வயரை அரிக்கும். உள்ளே ரோசின் (ஒருவகைப் பிசின்) உள்ள ஈயக்கம்பி போதும். மோட்டாரிலிருந்து பேட்டரி மைனஸுக்குத் தனி எர்த் வயர். பின்களைச் சுத்தம் செய்து வாசலின் தடவி மாட்டினோம். வேலை முழுக்க பேட்டரி மைனஸ் கழற்றியே இருந்தது. கை உள்ளே இருக்கும்போது வைப்பர் கம்பி திரும்பினால் விரல் போய்விடும்.

இதெல்லாம் தாங்கியதா என்றால், தாங்கியது. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அன்று தங்கச்சிமடத்திலிருந்து லோடோடு திரும்பினேன். பாம்பன் பாலத்தில் எதிரே வரும் வண்டியின் விளக்கு மட்டும்தான் தெரிந்தது. அதிக வேகத்தில் போட்ட வைப்பர் மண்டபம் வரும்வரை ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. அதே பழைய மோட்டார்.

பிளேடு ரப்பர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, எங்கள் வெயிலில் வருஷம் ஒருமுறை மாற்றுவதுதான் நல்லது. ஆனால் காய்ந்த உப்புப் படிந்த கண்ணாடியில் வைப்பரைப் போடாதீர்கள். கண்ணாடியும் கீறும், மோட்டாரும் கூடுதலாக இழுக்கும். ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டுப் போடுங்கள்.

பராமரிப்புக்கு நான் வைத்திருக்கும் காலம் மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. லோடு குறைவு, மழையும் குறைவு. கிராதியைக் கழற்றி இலை மண்ணை வழிப்பது, கப்ளரைத் திறந்து வாசலின் வைப்பது, எர்த்தில் மீட்டர் வைத்துப் பார்ப்பது எல்லாம் அரை நாள் வேலை. கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சும் சின்ன மோட்டாரின் வயர் மட்டும் இன்னும் பழசு. போன முறை கீறிப் பார்த்தபோது அதிலும் பச்சை தெரிந்தது. வரும் தடைக்காலத்தில் அதையும் மாற்றிவிடுவேன்.