கேபினட் ஓரத்துக்கு மர பீடிங்கா, எம்.டி.எஃப் பீடிங்கா?

சமையலறை கேபினட்டுக்கு அலங்கார பீடிங் (ஓரத்தில் பொருத்தும் மெல்லிய பட்டை) வைக்கும்போது பலரும் தடுமாறும் கேள்வி இது.

விலை: எம்.டி.எஃப் (மர இழைகளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) மலிவு. நல்ல மரம் கூடுதல்.

வெட்டுவது: மூலைக்கு இரண்டிலும் 45 டிகிரிதான். எம்.டி.எஃப்பில் நார் ஓட்டம் இல்லாததால் ரம்பம் பிசிறில்லாமல் இறங்கும். ஆனால் தூள் மிக நுண்ணியது, முகக்கவசம் இல்லாமல் வெட்டவே கூடாது. மரத்தில் ரம்பத்தின் பல் மழுங்கியிருந்தால் ஓரம் சிலும்பும்.

பொருத்துவது: மரத்தின் முனையருகே ஆணி அடித்தால் பிளக்கும், முதலில் மெல்லிய துளை போடுங்கள். எம்.டி.எஃப்புக்குப் பசைதான் பலம், ஆணி துணைக்கு.

ஈரம்: விஷயமே இங்கேதான் இருக்கிறது. எம்.டி.எஃப்பின் வெட்டிய முனை தண்ணீரை உறிஞ்சி உப்பிவிடும். உப்பியது காய்ந்தாலும் பழையபடி ஆகாது. ஒட்டுவதற்கு முன்பே அந்த முனைக்குப் ப்ரைமர் அடித்துவிடுங்கள். மரம் இந்த விஷயத்தில் தாங்கும். ஆனால் பருவம் மாறும்போது அகலமான பீடிங்கின் மூலையில் மயிரிழை இடைவெளி விழலாம்.

பெயிண்ட் அடிக்கப்போகும் மேல் கேபினட்டா? எம்.டி.எஃப் தாராளமாகப் போதும். சிங்க் பக்கமோ, மரத்தின் ரேகை தெரியும் பாலிஷோ என்றால் மரம்தான் என் தேர்வு. அப்புறம், எதுவானாலும் அளவு டேப்பை மட்டும் நம்பாமல் பீடிங் துண்டைக் கேபினட்டிலேயே வைத்துப் பென்சிலால் குறியுங்கள்.