பொவேடா 62: வீட்டு கஞ்சா கியூர் பண்ணுறவைக்கு நல்ல சாமான்

ஒன்டாரியோவில 2018 ஒக்டோபரில இருந்து வீட்டுக்கு 4 செடி வளக்கலாம், ஆனா வெட்டின பூவைக் காயவைச்சு, போத்தலில அடைச்சுப் பக்குவப்படுத்துற கியூர் கட்டத்திலதான் கனபேர் கோட்டை விடுகினம். அதுக்குத்தான் இந்தப் பொவேடா பாக்கெட். உள்ளுக்க உப்புக் கரைசல், வெளியில நீராவி மட்டும் போய்வாற தாள், போத்தலுக்குள்ள ஈரம் கூடினா இழுக்கும் குறைஞ்சா விடும், ஈரப்பதம் 62 சதவீதத்தில நிக்கும். 8 கிராம் பாக்கெட் ஒண்டு 28 கிராம் பூவுக்குக் காணும்.

ஆனா பச்சைப் பூவை இது காய வைக்காது, அதை நம்பி வாங்காதேங்கோ. முதல்ல இருட்டு அறையில 18-20 டிகிரியில தொங்கவிடோணும், சின்னக் காம்பை வளைச்சா மடங்காம டக்கெண்டு முறியோணும், அப்பத்தான் கண்ணாடிப் போத்தல். அவசரப்பட்டு அடைச்சா பூஞ்சணம்தான், எறியிறதைத் தவிர வேற வழியில்லை. முதல் ரெண்டு கிழமை நாளுக்கு ஒருக்கா மூடியைத் திறந்து காத்து மாத்துங்கோ, பச்சைப் புல்லு மணம் மெல்ல மெல்லப் போய் பூவின்ர சொந்த மணம் வரும், எனக்கு அந்தக் கட்டம்தான் விருப்பம். அதுக்குப் பிறகு பாக்கெட்டைப் போடுங்கோ.

உரத்தைக் கழுவ எண்டு அறுக்க முதல் வெறுந்தண்ணி விடுற ஃபிளஷ்ஷை நான் பெரிசா நம்பேல்லை. கொலராடோவில ஆர்எக்ஸ் கிரீன் டெக்னாலஜீஸ் எண்ட கஞ்சா உரக் கொம்பனி 0, 7, 10, 14 நாள் ஃபிளஷ் எண்டு வச்சுச் சோதிச்சதில ருசியில பெரிய வித்தியாசம் வரேல்லை. ஃபிளஷ் மருந்துக்குக் குடுக்கிற காசை இந்தப் பாக்கெட்டுக்குக் குடுங்கோ. பாக்கெட் இறுகிக் கட்டியானா புதுசு மாத்துங்கோ. 5க்கு 4.5.