கொழும்புப் பாடசாலையொன்றின் உளவளத்துணைச் சேவை: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

கொழும்பு 13இல் தமிழ்மொழி மூலம் கற்பிக்கும் பாடசாலையொன்றில் இயங்கிவரும் உளவளத்துணைச் சேவையை, அங்கு பத்தாம் தரத்தில் படிக்கும் என் மகளின் பொருட்டு, கடந்த ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து அருகிலிருந்து பார்த்து வருகிறேன். அந்த அறைக்கு வந்துபோகும் பிள்ளைகளின் தனிமைக்கு இடையூறு நேரக் கூடாது என்பதால் பாடசாலையின் பெயரையும் உளவளத்துணையாளரின் பெயரையும் எழுதவில்லை. என் மகளைப் பற்றிய பகுதிகளையும் அவளுக்கு வாசித்துக் காட்டி, அவள் சம்மதித்த அளவுக்கே இங்கு சேர்த்திருக்கிறேன். இது நல்ல சேவை. கொழும்பில் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்கக்கூடிய இத்தகைய உதவிகளுள் நான் கண்டவற்றில் மிக நல்லது. அந்த நன்மையின் பெரும்பகுதி நிர்வாகம் எடுத்த ஒரே முடிவிலிருந்து வருகிறது என்பது என் கணிப்பு. உளவளத்துணையாளர் அங்கு எந்த வகுப்புக்கும் பாடம் எடுப்பதில்லை; ஒழுக்காற்றுக் குழுவிலும் அவருக்கு இடமில்லை.

இந்த முடிவு ஏன் இவ்வளவு முக்கியமானது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பாடசாலைகள் பலவற்றில் ஆலோசனை வழிகாட்டல் பொறுப்பு, ஏற்கெனவே நிறைந்த நேரசூசியுடன் கற்பிக்கும் ஓர் ஆசிரியரிடமே ஒப்படைக்கப்படுகிறது. அவர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், காலையில் வீட்டுப்பாடம் செய்யாததற்காகப் பிள்ளையை எழுப்பி நிறுத்தியவரே பிற்பகலில் அதே பிள்ளையிடம் "உனக்கு என்ன கவலை?" என்று கேட்க நேர்கிறது. என் மூத்த மகன் படித்த வேறொரு பாடசாலையில் இந்தப் பொறுப்பு ஒழுக்காற்றுக்குப் பொறுப்பான ஆசிரியரிடமே இருந்தது. அவருடைய அறைக்கு ஒரு பிள்ளை அழைக்கப்பட்டால், அது தண்டனைக்கா உதவிக்கா என்று மற்றப் பிள்ளைகளுக்கும் தெரியாது. அழைக்கப்பட்ட பிள்ளைக்கும் தெரியாது. உடல்ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தில் அறிவுறுத்திய பின்னும், பிரம்பைப் பற்றிய அச்சம் பிள்ளைகளின் மனத்திலிருந்து எளிதாக நீங்கிவிடவில்லை. அச்சம் இருக்கும் இடத்தில் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது.

நான் மதிப்பிடும் பாடசாலையில் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. உளவியலில் பட்டமும் உளவளத்துணையில் டிப்ளோமாவும் பெற்ற ஒரு பெண்மணி, திங்கள் முதல் வெள்ளி வரை பாடசாலை நேரம் முழுவதும் அங்கு இருக்கிறார். அவருக்கான கொடுப்பனவைப் பழைய மாணவர் சங்கம் பொறுப்பேற்றிருப்பதால் பெற்றோரிடம் ஒரு சதமும் வாங்கப்படுவதில்லை. பிள்ளைகள் அவரை "மிஸ்" என்றே அழைக்கிறார்கள். ஆனால் மற்ற மிஸ்மாரிடம் பேசாத விடயங்களை அவரிடம் பேசுகிறார்கள்.

அறைக்குச் செல்ல மூன்று வழிகள் உள்ளன. வகுப்பாசிரியர் அனுப்பலாம், பெற்றோர் கேட்டுக்கொள்ளலாம், அல்லது பிள்ளையே நூலகத்துக்கு அருகிலுள்ள பெட்டியில் பெயரும் வகுப்பும் எழுதிய துண்டைப் போடலாம். மூன்றாவது வழியே பெரிதும் பயன்படுகிறது என்று பெற்றோர் கூட்டத்தில் அறிவித்தார்கள். அதைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. என் மகளின் விடயத்தில் வகுப்பாசிரியரே முதலில் கவனித்தார். காலையில் வயிற்றுவலி என்று சொல்வதும், தவணைப் பரீட்சை நெருங்கும்போது இடாப்பில் வரவு குறைவதும் அவருடைய கண்ணில் பட்டிருந்தன. குடும்ப வைத்தியர் சோதித்து, உடலில் கோளாறு எதுவும் இல்லை என்று கூறியிருந்தார். இத்தகைய வலியைப் பாசாங்கு என்று ஒதுக்கிவிடுவது நம்மிடையே வழக்கம். பதற்றத்தால் வரும் வயிற்றுவலியும் பிள்ளைக்கு உண்மையாகவே வலிக்கிறது என்பதை உளவளத்துணையாளர் முதற்சந்திப்பிலேயே எங்களுக்குப் பொறுமையாக விளங்கப்படுத்தினார்.

அந்தச் சந்திப்பில் அவர் மிகுந்த நேரம் செலவிட்டது இரகசியம் காத்தல் பற்றியே. பிள்ளை தம்மிடம் கூறுவதைப் பெற்றோருக்கோ அதிபருக்கோ சொல்லப்போவதில்லை என்றும், பிள்ளை தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளக்கூடிய நிலை, வேறொருவருக்குத் தீங்கு நேரக்கூடிய நிலை, பிள்ளை துன்புறுத்தலுக்கு உள்ளாகும் நிலை ஆகிய சந்தர்ப்பங்களில் மட்டும் பொறுப்பானவர்களுக்கு அறிவிப்பார் என்றும், அதையும் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் செய்வார் என்றும் மகளையும் அருகில் வைத்துக்கொண்டே கூறினார். பெற்ற தாய்க்குத் தெரியக்கூடாத விடயம் என்ன இருக்கிறது என்று சில பெற்றோர் கோபப்படுவதை நான் கேட்டிருக்கிறேன். அந்தக் கோபம் எனக்கு விளங்குகிறது. எனினும் அந்த எல்லையை அவர் உறுதியாகக் காத்ததால்தான் மகள் தொடர்ந்து சென்றாள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

உள்ளே நடப்பவற்றில் மகள் தானாகச் சொன்னவை மட்டுமே எனக்குத் தெரியும். தூங்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதிவந்தாள். மூச்சை மெதுவாக விடப் பழகினாள். "நான் எழும்பிப் பேசினால் எல்லோரும் சிரிப்பார்கள்" என்பது போன்ற எண்ணங்களை எழுதிவைத்து, அவை எந்த அளவுக்கு மெய் என்று தானே சோதித்துப் பார்த்தாள். இவை எந்த உளவளத்துணையாளரும் கற்றுக்கொடுக்கக்கூடிய முறைகள். பாடசாலைக்குள்ளேயே ஒருவர் இருப்பதன் தனிப்பயன் வேறிடத்தில் தெரிந்தது. மகளின் சம்மதத்துடன் வகுப்பாசிரியருடன் பேசி, சில கிழமைகளுக்கு அவளை உரக்க வாசிக்கக் கூப்பிடாமல் இருக்கவும், பின்னர் முதலில் ஒரு பந்தி, அடுத்து ஒரு பக்கம் என்று படிப்படியாகக் கூட்டவும் அவர் ஏற்பாடு செய்தார். வெளியிலுள்ள தனியார் நிலையத்துக்குப் போயிருந்தால் பெரும் தொகை செலவாகியிருக்கும். வகுப்பறைக்குள் இந்த மாற்றத்தை ஏற்படுத்தவும் அவர்களால் முடிந்திராது.

மொழி விடயத்திலும் இந்தச் சேவைக்கு நன்றி சொல்ல வேண்டும். தலைநகரில் தமிழில் உளவளத்துணை பெறுவது எளிதன்று. நாங்கள் முதலில் விசாரித்த இடங்களில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பேசக்கூடியவர்களே கிடைத்தார்கள். கடையிலும் பேருந்திலும் சிங்களத்தில் சரளமாகப் பேசும் பிள்ளையால்கூட, தன் பயத்தை வேற்றுமொழியில் சொல்ல முடிவதில்லை. அந்தப் பாடசாலையில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும், மலையகத்திலிருந்து வேலை தேடி வந்தவர்களின் பிள்ளைகளும், தலைமுறைகளாகக் கொழும்பிலேயே வாழும் தமிழ், முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கிறார்கள். அவரவர் பேச்சுத் தமிழிலேயே, இடையிடையே சிங்களமும் ஆங்கிலமும் கலந்தாலும் திருத்தாமல், அவர் கேட்டுக்கொள்கிறார்.

இந்தப் பிள்ளைகளின் வயதை எண்ணிப் பார்த்தால், இப்படியோர் ஆள் அங்கு இருப்பது ஆடம்பரம் என்று எவரும் சொல்ல முடியாது. இப்போது பத்தாம், பதினோராம் தரங்களில் இருப்பவர்கள், 2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தபோது ஆரம்பப் பிரிவில் இருந்தார்கள். சிலருக்கு அந்த ஆலயம் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. 2020 மார்ச்சில் கொவிட் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையை எதிர்நோக்கியிருந்தவர்களும் இவர்களுள் இருக்கிறார்கள். 2022இல் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் பெற்றோர் வரிசையில் நின்றதையும், வீட்டில் வருமானம் இல்லாமற்போனதையும் பார்த்தே இவர்கள் வளர்ந்தார்கள். அடுத்தடுத்து அதிர்ந்த தரையில் நிற்கப் பழகிய பிள்ளைகளிடம் சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேற்றை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது நியாயமாகாது.

குறைகளும் உண்டு, அவற்றுள் சில பாரதூரமானவை. அறை ஆசிரியர் ஓய்வறைக்குப் பக்கத்தில் அமைந்திருக்கிறது. இடைவேளையில் உள்ளே போகும் பிள்ளையை அனைவரும் பார்க்கிறார்கள். மனநல வைத்தியசாலை இருக்கும் இடம் அங்கொடை என்பதால், கொழும்பில் ஒருவரை இழிவுபடுத்த "அங்கொடைக்குப் போக வேண்டியதுதான்" என்று சொல்லும் கெட்ட பழக்கம் இன்னும் மறையவில்லை. மாணவர்களிடையேயும் அந்தச் சொல் புழங்குகிறது. அறையை நூலகக் கட்டடத்தின் பின்பக்கத்துக்கு மாற்றுவதற்குப் பெரிய செலவு ஆகாது. நிர்வாகம் அதை ஏன் இவ்வளவு காலம் தள்ளிப்போடுகிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

ஆள் போதாமையே மிகப் பெரிய குறை. 10 முதல் 19 வயது வரையானவர்களுள் ஏழு பேரில் ஒருவருக்கு உளநலப் பிரச்சினை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. ஆறாம் தரத்திலிருந்து பதின்மூன்றாம் தரம் வரை ஏறத்தாழ 1,400 பிள்ளைகள் படிக்கும் பாடசாலைக்கு இந்தக் கணக்கைப் பொருத்தினால், உதவி தேவைப்படக்கூடியவர்கள் சுமார் 200 பேர். ஒரே ஒருவர் அவ்வளவு பேரையும் எப்படிப் பார்ப்பார்? பரீட்சைக் காலத்தில் பெட்டியில் துண்டு போட்ட பிள்ளை இரண்டு கிழமைக்கு மேல் காத்திருந்ததை நான் அறிவேன். விடுமுறைக் காலத்தில் சேவை முற்றாக நின்றுவிடுகிறது. ஆனால், வீட்டில் பிரச்சினை உள்ள பிள்ளைக்கு விடுமுறைதான் மிகக் கடினமான காலம். பெற்றோருக்கான சந்திப்புகள் கிழமை நாட்களில் முற்பகலில் மட்டுமே நடப்பதால், துறைமுகத்திலும் புறக்கோட்டைக் கடைகளிலும் நாட்கூலிக்கு வேலை செய்பவர்கள் ஒரு நாள் கூலியை இழந்துதான் வர வேண்டியிருக்கிறது. உயர்வகுப்பு ஆண்பிள்ளைகள் மிகக் குறைவாகவே வருகிறார்கள். இரண்டாவதாக ஓர் ஆண் உளவளத்துணையாளரை நியமித்தால் அது மாறக்கூடும் என்று நினைக்கிறேன்.

இந்த அறையால் தீர்க்க முடியாதவையும் இருக்கின்றன. அதை ஒளிக்காமல் சொல்வது இந்தச் சேவையின் நேர்மை. மருந்தோ மனநல வைத்தியரின் கவனிப்போ தேவைப்படலாம் என்று தோன்றும் பிள்ளைகளை, பொரளையிலுள்ள சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு அவர் கடிதம் கொடுத்து அனுப்புகிறார். தெரிந்த ஒரு குடும்பம் அவ்வாறு சென்று வந்தது. கடிதத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக்கொடுத்ததால், அங்கே முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டிய சிரமம் அவர்களுக்குக் குறைந்தது.

தம் பிள்ளைக்கு இத்தகைய சேவையைத் தேடும் பெற்றோர், பாடசாலையில் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்: உளவளத்துணை செய்பவர் வேறு என்ன பொறுப்பு வகிக்கிறார், அவர் எழுதிவைக்கும் குறிப்புகளை யார் பார்க்கலாம், பாடசாலை மூடியிருக்கும்போது பிள்ளை யாரை நாடலாம். நான் பார்த்த பாடசாலை முதல் இரண்டுக்கும் தெளிவான பதில் தந்தது. மூன்றாவதற்கு இன்னும் பதில் இல்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கமும், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கமும் இரவு பகலாக இயங்குகின்றன. 1974இல் தொடங்கிய சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பும் மனமுடைந்தவர்களுக்குச் செவிகொடுத்து வருகிறது. இந்த விவரங்களை மாணவர் நாட்குறிப்பின் முதற்பக்கத்தில் அச்சிடும்படி, அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழுத்துமூலம் கேட்கவிருக்கிறேன். அறையை இடம் மாற்றும் கோரிக்கையையும் அதே கடிதத்தில் சேர்த்திருக்கிறேன்.