2 மி.மீ. கத்தியா, 3 மி.மீ. கத்தியா?

வீட்டுக்கு ஒரே கத்தி என்றால் என் ஓட்டு மெல்லியதற்குத்தான்: முதுகு 2 மி.மீ. அளவில் இருக்கும் ஜப்பானிய கியூட்டோ. எதிரில் நிற்பது 3 மி.மீ. வரை தடித்த ஜெர்மன் பாணி செஃப் கத்தி. எடையும் பிடியும் கடையில் கையில் எடுத்தாலே தெரிந்துவிடும்.

கூர் வேறு, தடிமன் வேறு. தடித்த கத்தியையும் தாளைச் சீவும் அளவுக்குத் தீட்டலாம். தக்காளித் தோலில் வழுக்காமல் இறங்கும். முழு கேரட்டில் வைத்துப் பாருங்கள். பாதி இறங்கியதும் ‘படக்’கென்று காய் பிளந்து துண்டு தெறிக்கும். வெட்டியது கூர் இல்லை, அதற்கு மேலிருக்கும் தடிமன் ஆப்பாகப் பிளந்துவிட்டது.

பலத்தில் தடித்ததே ஜெயிக்கும். அலகின் விறைப்பு தடிமனின் மூன்றாம் படிக்கு ஏறுவதால், 2-க்கு 8 என்றால் 3-க்கு 27. ஆனால் மெல்லிய கத்தி பாழாவது முதுகு வளைந்து அல்ல. கியூட்டோவின் எஃகு கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் பெரும்பாலும் 60-க்கு மேல். கடினம் கூடினால் நொறுங்கும். கோழி எலும்பு, உறைந்த மீன், பூசணியில் சிக்கியதைத் திருகி எடுப்பது, இந்த மூன்றில்தான் வாய் (வெட்டும் விளிம்பு) பிறை பிறையாகப் பெயரும். 56-58 உள்ள ஜெர்மன் எஃகு மடங்கும். தீட்டுக்கம்பியில் நாலு இழுப்பு இழுத்தால் நிமிரும்.

என் ஓட்டைத் தீர்மானிப்பது பராமரிப்பு. தீட்டத் தீட்ட வாய் மேலேறி, தடித்த பகுதிக்குப் போகும். 45 மி.மீ. உயர அலகு சீராகச் சரிகிறது என்று வைத்துக்கொண்டால், 5 மி.மீ. தேய்ந்தபின் வாயருகே தடிமன் மெல்லியதில் 0.22 மி.மீ. கூடும், தடித்ததில் 0.33. கூர் இருந்தும் வெட்டவில்லை என்ற புகார் இங்கேதான் பிறக்கிறது. மருந்து, பக்கவாட்டைக் குறைப்பது: 220 அல்லது 400 எண் தீட்டுக்கல்லில் (எண் குறைந்தால் கல் சொரசொரப்பு) அலகைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, முதுகை 4 மி.மீ. மட்டும் உயர்த்தி (சுமார் 5 பாகை) தேய்க்க வேண்டும். பிறகு 1000 கல்லில் முதுகை 12 மி.மீ. உயர்த்தினால் 15 பாகை வாய். தடித்த கத்தியில் உரிக்க வேண்டிய எஃகு அதிகம், தோள் வலிக்கும். தெருச் சாணைச் சக்கரத்தில் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும்தான், ஆனால் வாய் நீலம் பாரித்தால் பதம் போயிற்று.

இதெல்லாம் வீட்டு அடுப்படிக் கணக்கு. நாளெல்லாம் எலும்பு வெட்டும் கடைக்குப் பொருந்தாது. வீட்டிலும் தேங்காய்க்கும் எலும்புக்கும் பழைய தடித்த கத்தி ஒன்று ஓரமாகக் கிடக்கட்டும். அதை 20 பாகைக்குக் கீழே தீட்டாதீர்கள்.