ராங்லருக்கு எந்த லாரி ஆக்சில்: சூப்பர் டியூட்டி ஜோடியா, கிங்பின் ஜோடியா?

ஜீப் ராங்லரின் ஜேகே தலைமுறை வண்டியில் நாற்பது அங்குல டயரைப் பூட்டிப் பாறைகளில் ஏற்ற விரும்புபவருக்கு, அதனுடன் வந்த டானா 30 அல்லது டானா 44 முன் ஆக்சில் (சக்கரங்களைத் தாங்கிச் சுழற்றும் அச்சுத் தொகுதி; டானா என்பது தயாரிப்பாளர் பெயர், எண் அதன் மாடல்) போதாது. அமெரிக்காவில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் யார்டுகளில் கிடைப்பவற்றுள் இரண்டு ஜோடிகளே உண்மையான போட்டியாளர்கள். ஒன்று, 2005 முதல் வந்த ஃபோர்டு சூப்பர் டியூட்டி லாரியின் முன் டானா 60-உம் பின் ஸ்டெர்லிங் 10.5-உம். மற்றது, 1991 வரை வந்த ஒரு டன் வகை லாரிகளின் கிங்பின் (முன் சக்கரம் திரும்பத் துணைபுரியும் செங்குத்து ஊசி) டானா 60-உம் ஜெனரல் மோட்டார்ஸின் (ஜிஎம்) 14 போல்ட் பின் ஆக்சிலும். நான் பொருத்தியது முதல் ஜோடி. இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும்.

வலிமையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. இரண்டிலும் பின் ஆக்சில், எடையை வெளிக்கூடான ஹவுசிங்கே தாங்கும் ஃபுல் ஃப்ளோட்டிங் வகை என்பதால், ஷாஃப்ட் முறிந்தாலும் சக்கரம் கழன்றுவிடாது. ஜிஎம் ஆக்சிலின் பினியனை (ஆக்சிலைச் சுழற்றும் சிறு பற்சக்கரம்) மூன்று பேரிங்குகள் தாங்குகின்றன; ஆனால் அதன் ஹவுசிங் தாழ்ந்து பாறையில் உரசும். கியர் விகிதத்தை ஒப்பிடுவதும் வீண்; இந்த டயருக்கு 5.13 அல்லது 5.38 என்று எப்படியும் மாற்றத்தான் போகிறோம்.

முடிவைத் தீர்மானிப்பது பராமரிப்பு. கிங்பின் அமைப்பில் கீழே ஒரு டேப்பர் பேரிங், மேலே ஸ்பிரிங் அழுத்தும் நைலான் புஷ். சக்கரம் பூட்டும் ஹப்பையும் கழற்றிக் கழுவி, கிரீஸ் வைத்து, ஆட்டத்தைச் சரிசெய்து மீண்டும் பூட்டலாம். சூப்பர் டியூட்டியில் இருப்பதோ ஹப்பும் பேரிங்கும் ஒன்றான, மூடிய யூனிட் பேரிங். ஆட்டம் கண்டால் முழுதாக மாற்றுவது தவிர வழியில்லை, சக்கரத்தை வெளியே தள்ளி மாட்டினால் அது இன்னும் விரைவில் தேயும். ஏட்டுக் கணக்கில் வெல்வது கிங்பின்தான். ஆயினும், ஜேகேயின் முன் டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் கியர் தொகுதி) ஓட்டுநர் பக்கம் இருப்பதால், மறுபக்கம் அமைந்த செவர்லே கிங்பின் ஆக்சில் பொருந்தாது. அரிதாகிவிட்ட ஃபோர்டு கிங்பின்னையே தேட வேண்டும், அதன் நக்கிள் (ஹப்பைத் தாங்கித் திரும்பும் பாகம்) உடைந்தால் பாகத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டும். சூப்பர் டியூட்டியோ பண்ணைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் நிறைந்து கிடக்கும் லாரி. அதன் யூனிட் பேரிங்கும், கிங்பின்னுக்குப் பதிலாக உள்ள பால் ஜாயிண்டும் சிற்றூர் உதிரிபாகக் கடையிலும் கிடைக்கக்கூடியவை. நான்கு நட்டுகளைக் கழற்றினால் பேரிங் வெளியே வந்துவிடும். சாலையில் உப்புத் தூவும் மிச்சிகன், ஒஹையோ பக்கத்து லாரியென்றால் துரு பிடித்து அவ்வளவு எளிதில் வராது. அரிசோனா லாரிக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பதே மேல்.

இரண்டு ஜோடிகளையும் கலந்து வாங்க நினைப்பவர்கள் சக்கரத்தைக் கவனிக்க வேண்டும். சூப்பர் டியூட்டியில் எட்டு போல்ட்டுகள் 170 மில்லிமீட்டர் வட்டத்தில் அமைந்தவை; மற்ற ஜோடியில் அது ஆறரை அங்குலம், அதாவது 165.1 மில்லிமீட்டர். ஐந்து மில்லிமீட்டர் வேறுபாட்டுக்காக இரண்டு ஸ்டெப்னி சுமக்க நேரிடும்.

சூப்பர் டியூட்டியில் சிரமம் இல்லாமல் இல்லை. முன் ஆக்சிலின் ரேடியஸ் ஆர்ம் (ஆக்சிலை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் கை) தாங்கி ஹவுசிங்கோடு சேர்த்து வார்க்கப்பட்டது. வேறு சஸ்பென்ஷன் அமைத்தால் அதை அறுத்தெடுக்க வேண்டும், வார்ப்பிரும்பில் வெல்டிங் செய்யச் சூடேற்றலும் நிக்கல் ராடும் தேவை. என் வண்டி பெரும்பாலும் பாறைத் தடங்களில் மெதுவாகவே ஓடுவதால், நெடுஞ்சாலையில் அதிகம் ஓடும் வண்டியில் யூனிட் பேரிங்கின் ஆயுள் வேறாக இருக்கக்கூடும். பழுது பார்த்து முடித்த ஃபோர்டு கிங்பின் ஒன்று, 14 போல்ட் ஆக்சிலோடு சேர்த்து நியாயமான விலைக்கு வந்தால், மாற்று நக்கிள் ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு அதையே எடுக்கலாம்.